ஒரே அவைக்கு இருபத்தேழு தேர்தல்கள்: ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்கள் எப்படிப் போகிறார்கள்?

1989-இல் பிரிட்டனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பசுமைக் கட்சிக்குச் சுமார் 23 லட்சம் வாக்குகள் விழுந்தன. பதிவானதில் ஏறத்தாழ 15 சதவீதம். கிடைத்த இடமோ பூஜ்யம். 25 ஆண்டு கழித்து 2014-இல், ஜெர்மனியில் நையாண்டிக்காகவே தொடங்கப்பட்ட 'டி பார்ட்டாய்' என்ற கட்சி சுமார் 1.85 லட்சம் வாக்கு வாங்கியது. அது வெறும் 0.6 சதவீதம்தான். ஆனால் அதன் தலைவர் உறுப்பினராகி அவைக்குப் போனார். இரண்டுமே ஒரே நாடாளுமன்றத்துக்கு நடந்த தேர்தல்கள்.

இந்த முரணைப் புரிந்துகொண்டால் ஐரோப்பியத் தேர்தலில் பாதி புரிந்துவிடும். 'ஐரோப்பியத் தேர்தல்' என்று ஒருமையில் சொல்வது வசதிக்காகத்தான். நடப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 உறுப்பு நாடுகளில், 27 சட்டங்களின்படி, அந்தந்த நாட்டுக் கட்சிகளுக்குள் நடக்கும் 27 தேர்தல்கள். எல்லாவற்றையும் நடத்த ஒரு மையத் தேர்தல் ஆணையம் கிடையாது. ஒரே வாக்காளர் பட்டியலும் இல்லை, ஒரே வாக்குச்சீட்டும் இல்லை.

பொதுவான விதிகள் ஒரு கைக்குள் அடங்கும். 1979-க்கு முன் இந்த அவையில் இருந்தவர்கள் உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்கள் அனுப்பிய பிரதிநிதிகள். மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1976-இல் சட்டம் வந்தது. 1979 ஜூனில் 9 நாடுகள் முதல்முறையாக வாக்களித்து 410 பேரைத் தேர்ந்தெடுத்தன. ஆனால் எந்த முறையில் என்பதை அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதனால்தான் பிரிட்டன் தன் வழக்கப்படி, தமிழ்நாட்டில் நமக்குப் பழகிப்போன 'தொகுதியில் முதலில் வந்தவருக்கே வெற்றி' முறையைத் தொடர்ந்தது; 1989-இல் பசுமைக் கட்சி அதில்தான் மாட்டியது. 15 சதவீதம் நாடு முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் அந்த முறையில் எங்குமே முதலிடம் வராது. 1999-இல் பிரிட்டன், கட்சி வாங்கும் வாக்கு விகிதப்படி அதன் வேட்பாளர் பட்டியலிலிருந்து உறுப்பினர்கள் தேர்வாகும் பட்டியல் முறைக்கு மாறியது. 2002-இல் செய்த திருத்தம், விகிதாசாரப் பிரதிநிதித்துவம் எல்லா நாட்டுக்கும் கட்டாயம், தகுதி வரம்பு (இடம் பெற ஒரு கட்சி வாங்க வேண்டிய குறைந்தபட்ச வாக்கு விகிதம்) வைத்தால் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒருவரே உள்நாட்டு நாடாளுமன்றத்திலும் இங்கும் உறுப்பினராக இருக்க முடியாது என்று வரையறுத்தது. மற்றது எல்லாம் அந்தந்த நாட்டின் விருப்பம்.

முதலில் இடப்பங்கீடு. 2024 தேர்தலில் மொத்தம் 720 இடங்கள். ஜெர்மனிக்கு 96, பிரான்சுக்கு 81, இத்தாலிக்கு 76, ஸ்பெயினுக்கு 61, போலந்துக்கு 53. கடைசியில் மால்டா, லக்சம்பர்க், சைப்ரஸ் மூன்றுக்கும் தலா 6. எந்த நாட்டுக்கும் 6-க்குக் குறையக் கூடாது, 96-க்கு மேல் போகவும் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விதி. இடையில் இருப்பவர்களுக்கு, மக்கள்தொகை கூடக் கூட இடங்களும் கூடும், ஆனால் அதே வேகத்தில் கூடாது. கணக்குப் போட்டால் ஜெர்மனியில் சுமார் 8.7 லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர், மால்டாவில் சுமார் 90,000 பேருக்கு ஒருவர். ஒருவருக்கு ஒரு வாக்கு உண்டு. அந்த வாக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. இது தவறிப்போய் நேர்ந்ததல்ல. நேர்விகிதம் வைத்தால் மால்டாவுக்கு ஒரே ஓர் இடம்கூட ஒழுங்காகக் கிடைக்காது; அந்த ஒருவரை வைத்துக்கொண்டு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று எதையும் பிரதிநிதித்துவப்படுத்த முடியாது. சமத்துவம் குடிமக்களுக்கிடையிலா, நாடுகளுக்கிடையிலா என்ற கேள்விக்கு நடுவில் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். கோடு அழகாக இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது எண்ணும் முறை. செய்திகளில் இது அதிகம் அடிபடுவதில்லை. ஆனால் யாருக்கு எத்தனை இடம் என்பதைப் பல சமயம் பிரசாரத்தைவிட இதுதான் தீர்மானிக்கிறது. 6 இடங்கள் உள்ள ஒரு கற்பனைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் வாக்குகளில் அ கட்சிக்கு 40,000, ஆ கட்சிக்கு 31,000, இ கட்சிக்கு 17,000, ஈ கட்சிக்கு 12,000.

பெல்ஜியச் சட்ட அறிஞர் டி ஹோண்ட்டின் முறையில் ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போக வேண்டும். அ: 40,000, 20,000, 13,333. ஆ: 31,000, 15,500, 10,333. இ: 17,000, 8,500. ஈ: 12,000, 6,000. இவற்றில் மிகப்பெரிய 6 எண்களைப் பொறுக்கினால் 40,000, 31,000, 20,000, 17,000, 15,500, 13,333. ஆக அ கட்சிக்கு 3, ஆ கட்சிக்கு 2, இ கட்சிக்கு 1. ஈ கட்சிக்கு ஒன்றுமில்லை. 12,000 அடுத்த எண்ணாக வாசலில் நின்றுவிடுகிறது.

அதே வாக்குகளைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் சேன்ட் லாகூவின் முறைப்படி 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்களால் வகுத்துப் பாருங்கள். பெரிய 6 எண்கள் 40,000, 31,000, 17,000, 13,333, 12,000, 10,333 என்று வரும். இப்போது அ கட்சிக்கு 2, ஆ கட்சிக்கு 2, இ, ஈ இரண்டுக்கும் தலா 1. ஒரு வாக்காளரும் மனம் மாறவில்லை, வகுக்கும் எண்தான் மாறியது. முதல் கட்சியின் ஓர் இடம் கடைசிக் கட்சிக்குப் போய்விட்டது. முதல் முறை பெரிய கட்சிகளுக்குச் சாதகம், இரண்டாவது சிறியவற்றுக்கு ஓரளவு ஆறுதல். பிரான்ஸ், ஸ்பெயின், நெதர்லாந்து உட்படப் பல நாடுகள் டி ஹோண்ட் முறையில் எண்ணுகின்றன. ஜெர்மனி சேன்ட் லாகூ முறையில் எண்ணுகிறது.

ஜெர்மனியில் நையாண்டிக் கட்சி எப்படி உள்ளே போனது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அங்கே நாடு முழுவதும் ஒரே தொகுதியாகக் கணக்கிடப்படுகிறது, 96 இடம். ஓர் இடத்துக்கான முழு விலை சுமார் 1.04 சதவீதம், சேன்ட் லாகூ முறை ஏறத்தாழப் பாதி விலைக்கே முதல் இடத்தைக் கொடுத்துவிடும். முன்பு 5 சதவீத வரம்பு இருந்ததால் இது நடக்கவில்லை. ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 2011-இல் அந்த வரம்பை ரத்து செய்தது. அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த 3 சதவீதத்தையும் 2014-இல், தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு, ரத்து செய்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் உள்நாட்டு அவையைப் போல ஒரு அரசைத் தாங்கி நிற்க வேண்டியதில்லை, ஆகவே சிறு கட்சிகளைத் தடுக்கும் அளவுக்கு வலுவான காரணம் இல்லை என்பது நீதிமன்றத்தின் வாதம். 2024-இலும் 0.6 சதவீத அளவில் வாக்கு வாங்கிய கட்சிகள் ஜெர்மனியிலிருந்து தலா ஓர் இடம் பெற்றன.

எல்லையைத் தாண்டினால் கதை வேறு. பிரான்சிலும் நாடு முழுவதும் ஒரே தொகுதிதான், ஆனால் 5 சதவீத வரம்பு உண்டு. 2024-இல் 38 பட்டியல்கள் போட்டியிட்டன. 7 மட்டுமே வரம்பைத் தாண்டின. மீதியுள்ளவற்றுக்கு விழுந்த வாக்குகள், மொத்தத்தில் சுமார் 12 சதவீதம், இடக் கணக்கிலேயே சேரவில்லை. அதனால் 31.4 சதவீதம் வாங்கிய தேசியப் பேரணிக் கட்சிக்கு 81-இல் 30 இடம், அதாவது 37 சதவீதம். இத்தாலி, ஆஸ்திரியா, சுவீடனில் வரம்பு 4 சதவீதம், கிரீஸில் 3, சைப்ரஸில் 1.8, ஸ்பெயின், நெதர்லாந்து, போர்ச்சுகலில் வரம்பே இல்லை.

வரம்பு எழுதப்படாத இடத்திலும் ஒரு மறைமுக வரம்பு இருக்கும், அதைத் தொகுதியின் அளவு நிர்ணயிக்கிறது. தமிழர்கள் இதை நேரடியாக அனுபவித்த ஒரு தேர்தல் உண்டு. 2009 ஜூனில், ஈழப்போர் முடிந்த சில வாரங்களில், லண்டன் தொகுதியில் ஜனனி ஜனநாயகம் சுயேச்சையாக நின்றார். அவருக்கு 50,014 வாக்குகள் கிடைத்தன. சட்டப்படி எந்தச் சதவீத வரம்பும் இல்லை. ஆனால் லண்டனுக்கு 8 இடங்கள்தான். டி ஹோண்ட் கணக்கில் எட்டாவது இடம் கைமாறிய எண் சுமார் 1.6 லட்சம். அங்கே ஓர் இடத்தின் விலை 9 சதவீதத்தையொட்டி இருந்தது. அவர் பெற்றது 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு நகரத்துச் சிறுபான்மைச் சமூகம் முழுமூச்சாகத் திரண்டாலும் 8 இடத் தொகுதியில் வெல்வது ஏன் கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைப்பது அரிது.

இனி வாக்குச்சாவடிக்குள் போவோம். வாக்காளர் கையில் கிடைக்கும் தாளும் அதில் அவர் செய்ய வேண்டியதும் நாட்டுக்கு நாடு மாறும்.

பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், போர்ச்சுகல், ஹங்கேரி, ருமேனியா ஆகிய நாடுகளில் பட்டியல் மூடியது. கட்சியைத் தேர்ந்தெடுக்கலாம், பட்டியலில் யார் முன்னால் என்பதைக் கட்சிதான் தீர்மானிக்கும். பிரான்சில் ஒவ்வொரு பட்டியலுக்கும் தனி வாக்குச்சீட்டு. வேண்டியதை எடுத்து உறைக்குள் வைத்துப் பெட்டியில் போடுவார்கள். அந்தச் சீட்டை அச்சடிப்பது கட்சியின் பொறுப்பு. 3 சதவீத வாக்கு வாங்கினால் அரசு செலவைத் திருப்பித் தரும், இல்லாவிட்டால் கைக்காசுதான். நாடு முழுக்க எல்லா வாக்குச்சாவடிக்கும் சீட்டு அனுப்பக் காசில்லாத சிறு பட்டியல்கள், தங்கள் ஆதரவாளர்களை வீட்டிலேயே அச்சடித்து எடுத்துவரச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சட்டப்படி செல்லும். எத்தனை பேர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தாலியில் கட்சிச் சின்னத்தின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் வேட்பாளர் பெயர்களை எழுதலாம், அதிகபட்சம் மூன்று. இலங்கை வாசகர்களுக்கு விருப்பு வாக்கு என்றால் உடனே புரியும். ஆனால் இங்கே ஒரு கூடுதல் நிபந்தனை: இரண்டு பெயர் எழுதினால் ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டும் ஒரே பாலினமாக இருந்தால் இரண்டாவது பெயர் செல்லாது. மூன்றும் அப்படியே இருந்தால் பின்னிரண்டும் போய்விடும். 2024-இல் பிரதமர் ஜோர்ஜா மெலோனி ஐந்து தொகுதிகளிலும் தன் கட்சிப் பட்டியலின் தலையில் நின்று, 'ஜோர்ஜா என்று மட்டும் எழுதுங்கள், போதும்' என்று கேட்டார். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். பிரதமராக இருப்பவர் இந்த அவையில் அமர முடியாது என்பது அவருக்கும் தெரியும், எழுதியவர்களில் பெரும்பாலோருக்கும் தெரிந்திருக்கும். அவர் விலகிய இடங்கள் பட்டியலில் அடுத்தவர்களுக்குப் போயின. பெயர் ஒருவருடையது, பதவி வேறொருவருக்கு. சட்டத்தில் குற்றமில்லை, வாக்காளரை மதிக்கும் வழக்கமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

லக்சம்பர்க்கில் ஒவ்வொருவர் கையிலும் 6 வாக்குகள். ஒரே கட்சிக்கு மொத்தமாகக் கொடுக்கலாம். வெவ்வேறு கட்சி வேட்பாளர்களுக்குப் பிரித்தும் தரலாம். ஒருவருக்கே இரண்டு வரை போடலாம். பெல்ஜியத்தில் நாடு மொழிவாரியாகப் பிரிந்து வாக்களிக்கிறது: டச்சு மொழியினருக்கு 13 இடம், பிரெஞ்சு மொழியினருக்கு 8, ஜெர்மன் மொழி பேசும் சிறுபான்மைக்கு 1. பிரஸ்ஸல்ஸ்வாசிகள் டச்சு, பிரெஞ்சு இரண்டில் எந்தப் பக்கம் வாக்களிப்பது என்று சாவடியிலேயே முடிவு செய்யலாம். போலந்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. 13 தொகுதிகள் உள்ளன, ஆனால் எந்தத் தொகுதிக்கு எத்தனை இடம் என்று முன்கூட்டித் தெரியாது. முதலில் நாடு முழுவதற்கும் கட்சிகளின் பங்கைக் கணக்கிட்டு, பிறகு கட்சிகளுக்கு எங்கே அதிக வாக்கு விழுந்ததோ அங்கே இடங்களைப் பிரிக்கிறார்கள். வாக்குப்பதிவு மந்தமான பகுதி தன் பிரதிநிதியைப் பக்கத்துப் பகுதிக்கு இழக்கும்.

அயர்லாந்திலும் மால்டாவிலும் பட்டியலே இல்லை. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் இட வேண்டும். நம் மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் செய்வதும் இதுதான். செல்லுபடியான வாக்குகளை 'இடங்கள் கூட்டல் ஒன்று' ஆல் வகுத்து, ஒன்றைச் சேர்த்தால் வெற்றிக்குத் தேவையான எண் வரும். 5 இடத்துக்கு 6 லட்சம் வாக்கு என்றால் 1,00,001. அதைத் தாண்டியவரின் உபரி வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். யாரும் தாண்டவில்லை என்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய சீட்டுகளைப் பிரிப்பார்கள். அயர்லாந்தில் எண்ணுவதெல்லாம் கையால்தான். 2024-இல் அயர்லாந்தின் மிட்லண்ட்ஸ் வடமேற்குத் தொகுதியில் 5 இடத்துக்கு 27 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டே அரைகஜ நீளத்துக்கு மேல். வெள்ளிக்கிழமை வாக்களித்து, முழு முடிவு வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆனது. நீளமான சீட்டில் ஒரே எண்ணை இருமுறை போடுவது, நடுவில் ஓர் எண்ணைத் தவறவிடுவது ஆகியவை சகஜம். தவறுக்கு முந்தைய எண் வரைதான் அந்தச் சீட்டு செல்லும்.

யார் வாக்களிக்கலாம்? பெரும்பாலான நாடுகளில் 18 வயது. ஆஸ்திரியா, மால்டாவில் 16, 2024 முதல் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் 16, கிரீஸில் 17. போட்டியிட இத்தாலியிலும் கிரீஸிலும் 25 ஆக வேண்டும். எஸ்டோனியாவில் மட்டும் இணையவழி வாக்களிப்பு உண்டு. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி வாக்களிக்கலாம், கடைசியாகப் போட்டதே கணக்கு. யாராவது பக்கத்தில் நின்று மிரட்டி வாக்குப் போட வைத்தாலும் பிறகு திருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பதற்காக.

வேறு உறுப்பு நாட்டில் வாழும் ஐரோப்பியக் குடிமக்கள் வாழும் நாட்டிலேயே வாக்களிக்கலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். நடைமுறையில் சிக்கல் பதிவில் வருகிறது. பிரான்சில் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு துணைப் பட்டியல், ஐரோப்பியத் தேர்தலுக்கு வேறொன்று. ஒன்றில் பெயர் இருந்துவிட்டு மற்றதில் இல்லாமல் திரும்புகிறவர்கள் உண்டு. ஜெர்மனியில் முதல் முறை வாக்களிக்க விரும்பும் பிற நாட்டவர் தேர்தலுக்கு 21 நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். இருமுறை வாக்களிப்பதைத் தடுக்க நாடுகள் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. ஆனால் அந்தப் பரிமாற்றத்தில் வருவது 'வெளிநாட்டவர்' என்று பதிந்தவர்களின் பெயர்கள் மட்டுமே. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இரு நாட்டிலும் சொந்தக் குடிமகனாகவே பதிவாகியிருப்பதால் வலையில் விழ மாட்டார். 2014-இல் ஜெர்மனியின் முன்னணி வார இதழ் ஒன்றின் ஆசிரியர், ஜெர்மன் வாக்குச்சாவடியிலும் இத்தாலியத் துணைத் தூதரகத்திலும் வாக்களித்ததாகத் தொலைக்காட்சி நேரலையில் சாதாரணமாகச் சொன்னபோதுதான் இந்த ஓட்டை பலருக்குத் தெரிந்தது. அது குற்றம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிரிட்டன் உறுப்பினராக இருந்தவரை அங்கே குடியிருந்த காமன்வெல்த் நாட்டவருக்கும் வாக்குரிமை இருந்தது. அதாவது இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு லண்டனில் வாழ்ந்த ஒரு தமிழர் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தார். ஐரோப்பியக் குடிமகன் அல்லாதவருக்கு இந்த உரிமை எப்படி என்று ஸ்பெயின் வழக்குப் போட்டது. யாருக்கு வாக்குரிமை என்பது உறுப்பு நாட்டின் முடிவு என்று 2006-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-இல் இன்னொரு வேடிக்கை. பிரிட்டனில் வாழ்ந்த போலந்துக்காரரோ பிரெஞ்சுக்காரரோ, 'என் நாட்டில் வாக்களிக்க மாட்டேன்' என்று தனியாக ஒரு படிவம் தர வேண்டியிருந்தது. அது தெரியாமலோ படிவம் தாமதமாகியோ பலர் சாவடியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்தியருக்கு அந்தப் படிவம் தேவைப்படவில்லை.

இன்றும் நம் மண்ணிலிருந்து வாக்களிப்பவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரி, காரைக்கால் கைமாறிய ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் குடும்பங்கள், துணைத் தூதரகப் பட்டியல் வழியாக பாரிஸ் கட்சிகளின் ஐரோப்பியப் பட்டியல்களுக்கு வாக்களிக்கின்றன. நேரில் வர வேண்டும், அல்லது இன்னொருவருக்கு அதிகாரம் எழுதித் தர வேண்டும்; இந்தத் தேர்தலுக்கு இணைய வாக்கு இல்லை. இந்தியப் பெருங்கடலில் தமிழ் வம்சாவளியினர் நிறைய வாழும் ரீயூனியன் தீவும் பிரான்சின் பகுதியாகவே வாக்களிக்கிறது. அதேசமயம், அயர்லாந்து, மால்டா, செக், ஸ்லோவாகியா ஆகிய நாடுகளின் குடிமக்கள் 2024-இல் வெளிநாட்டிலிருந்து தம் நாட்டு வேட்பாளருக்கு வாக்களிக்க வழியே இருக்கவில்லை.

வாக்குப்பதிவு வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள் நீளும். நெதர்லாந்து வியாழனன்று, அயர்லாந்து வெள்ளியன்று, பெரும்பாலோர் ஞாயிறன்று. கடைசிச் சாவடி ஞாயிறு இரவு 11 மணிக்கு இத்தாலியில் மூடும்வரை எந்த நாடும் அதிகாரபூர்வ முடிவை வெளியிடக் கூடாது. வாக்களிக்க வருவோர் விகிதம் 1979-இல் சுமார் 62 சதவீதம், 2014-இல் 42.6 ஆகச் சரிந்து, 2019, 2024 இரண்டிலும் 50-ஐச் சற்றுத் தாண்டியது. இந்தச் சராசரி எதையும் சொல்வதில்லை. 2024-இல் வாக்களிப்பு கட்டாயமான பெல்ஜியத்தில் 89, குரோஷியாவில் 21.

வாக்காளர் கண்ணுக்குத் தெரியாத கட்டம் அதற்குப் பிறகு வருகிறது. தேர்வானவர்கள் நாடு வாரியாக உட்காருவதில்லை, அரசியல் குழு வாரியாக உட்காருகிறார்கள். குழு அமைக்கக் குறைந்தது 7 நாடுகளைச் சேர்ந்த 23 உறுப்பினர்கள் வேண்டும். குழுவில் இருந்தால்தான் பேச நேரம், அவையின் நிலைக்குழுக்களில் தலைமைகள், அறிக்கை எழுதும் பொறுப்பு, பணம் எல்லாம். 2024 ஜூலையில் அவை கூடியபோது ஐரோப்பிய மக்கள் கட்சிக் குழுவுக்கு 188, சோசலிஸ்டுகளுக்கு 136, புதிதாக முளைத்த 'ஐரோப்பாவுக்கான தேசபக்தர்கள்' குழுவுக்கு 84. ஜூன் 9 அன்று வாக்களித்தவர்களின் சீட்டில் அந்தத் தேசபக்தர்கள் குழுவின் பெயர் இருந்திருக்கவே முடியாது. தேர்தல் முடிந்த பிறகுதான் அது பிறந்தது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவரை இந்த அவை தேர்ந்தெடுக்கிறது, ஆனால் பெயரை முன்மொழிவது நாட்டுத் தலைவர்கள். இந்தப் பதவிக்கெனக் கட்சிகள் தேர்தலுக்கு முன்பே அறிவித்த முதன்மை வேட்பாளர்களில் ஒருவர் 2014-இல் தலைவரானார். 2019-இல் தலைவர்கள் அந்த வரிசையையே ஒதுக்கிவிட்டு, எந்தச் சீட்டிலும் பெயர் இல்லாத உர்சுலா ஃபான் டெர் லேயனைக் கொண்டுவந்தார்கள். தேவையைவிட 9 வாக்கு கூடுதலாக, 383 பெற்று அவர் தப்பினார்.

இதைச் சரிசெய்யும் ஒரு திட்டத்தை நாடாளுமன்றமே 2022-இல் முன்வைத்தது: ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு; ஒன்று வழக்கம்போல் சொந்த நாட்டுப் பட்டியலுக்கு, மற்றது ஒன்றியம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்ட 28 இடங்களுக்கு. எல்லா நாட்டு அரசுகளும் ஒருமனதாக ஏற்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நாடும் தன் சாசனப்படி தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும். 35 இடங்களுக்கு மேல் உள்ள தொகுதிகளில் 2 சதவீத வரம்பாவது வேண்டும் என்று 2018-இல் முடிவான மிகச் சிறிய திருத்தம்கூட, எல்லா ஒப்புதலும் வந்து சேராததால் 2024 தேர்தலுக்குள் அமலுக்கு வரவில்லை.